கூரையேறிப் பார்த்தவரின் வண்டி

அப்பா கரூரில் 38 வருடம் பஸ் பாடி கட்டியவர். இன்றைக்கும் ஏதாவது பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் சட்டத்தின் கீழ் ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "தண்ணி எறங்குதான்னு பாக்கறேன் கண்ணு" என்பார். மிச்சிகனில் நாங்கள் பழைய மோட்டார்ஹோம் ஒன்று (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) தேடி அலைந்த கோடையில் அந்த விரல்தான் எங்களைக் காப்பாற்றியது. இங்கே நோவையிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் ஆர்.வி. (வீட்டு வண்டிகளுக்கு இங்கே பொதுப் பெயர்) வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், நாலு மாதத்தில் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு இது எதற்குத் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் கோடையில் வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டும். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஒரு வருடம் மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குக் காரில் கிளம்பி, பாதி வழியிலேயே அம்மா களைத்துப்போய்த் திரும்பி வந்தோம். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டபோது அம்மா, "நான் வீட்லயே இருந்துக்கறேன், நீங்க குழந்தைகளோட போய்ட்டு வாங்க" என்றாள். குரலில் வருத்தம் தெரியாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்தவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் அருவி பார்க்கப் போவதா?

சரி, வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று மூன்று இரவுக்கு 30 அடி வண்டி ஒன்றை எடுத்தோம். வாங்க நினைக்கிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். எத்தனை வீடியோ பார்த்தாலும் தெரியாதவை அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். எங்களுக்கு 30 அடி அதிகம், மாநிலப் பூங்காக்களின் சில முகாம் இடங்களில் அதைப் பின்னால் எடுத்து நிறுத்துவதே பெரும் பாடு என்பது அப்படித்தான் தெரிந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் நடக்க இடம் இல்லாவிட்டால் அம்மாவால் இரவில் எழுந்து போக முடியாது என்பதும் தெரிந்தது. இரண்டாம் நாள் காலையில் வண்டிக்குள் இருந்த கேஸ் அடுப்பில் அம்மா குக்கர் வைத்தாள். விசில் சத்தம் கேட்டதும் குழந்தைகள் கை தட்டினார்கள். வாங்குவது என்று நானும் கணவரும் முடிவு செய்தது அப்போதுதான்.

மோட்டார்ஹோம்களை இங்கே ஏ, பி, சி என்று மூன்று கிளாஸாகப் பிரிப்பார்கள். பஸ் மாதிரி முகப்பு தட்டையாக, பெரிதாக இருப்பது ஏ. வேனுக்குள்ளேயே வீட்டை அடக்கியது பி. வேனின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் அகலமான ஒரு பெட்டியைக் கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கையும் வைத்தது சி. பி கிளாஸ் சின்னதாக இருப்பதால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள், பழையதுகூட யானை விலை. ஏ கிளாஸில் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் டயரில் தொடங்கி எல்லாச் செலவும் பெரிது. ஆறு பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு, 25,000 டாலருக்குள், சி கிளாஸ்தான் கட்டுப்படியாகும் என்று தெரிந்தது.

நாங்கள் தேடியது 2023-இல். கொரோனா காலத்தில் எல்லோரும் ஆர்.வி. வாங்கக் கிளம்பி, 2021-இல் மட்டும் 6 லட்சம் புது வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயிருந்தன. அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. 2023-இல் அது ஏறக்குறைய பாதியாக, 3 லட்சத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் விற்க ஆரம்பித்திருந்தார்கள். விலை இறங்கும், பொறுமையாக இருப்போம் என்று கணவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அவர் கார் கம்பெனியில் இஞ்சின் பிரிவில் வேலை செய்பவர். பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் கணினியில் ஒரு பட்டியல் போட்டார்: வருடம், ஓடிய மைல், இஞ்சின், கியர்பாக்ஸ், விலை. குறைவாக ஓடிய வண்டி மேலே வரும்படி அடுக்கினார். அப்படி முதலிடத்தில் வந்தது டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, பழைய வண்டிகள் விற்கும் ஓர் இடத்தில் இருந்தது. 2008-ஆம் வருட வண்டி, 29 அடி. எங்களுக்குக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் 19,000 மைல்தான் ஓடியிருந்தது. வெளியே பளபளவென்று மெழுகு பூசியிருந்தார்கள். கணவர் இஞ்சின் குறைகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார், ஒரு குறையும் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி போனது. 500 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். அப்பா ஊரிலிருந்து வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது, நேரமாற்றத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வண்டியைக் காட்டலாம் என்று அழைத்துப்போனேன். படியேறி உள்ளே போனவர் வாசலிலேயே நின்றார்.

"எதுக்கு இத்தன செண்ட்டு அடிச்சு வெச்சிருக்காங்க?"

முதல் நாள் அந்த மணத்தை நானும் உணர்ந்தேன். சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்று, தலைக்கு மேலே இருந்த படுக்கையின் மெத்தையைத் தூக்கினார். மெத்தைக்கு அடியில், முன் மூலையில், வேட்டியில் டீ கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பாக ஒரு கறை வளைந்து வளைந்து ஓடியது. அப்பா அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பலகை உள்ளே போனது. டீயில் நனைத்த ரஸ்க்கை அழுத்தினால் எப்படிப் போகுமோ அப்படி. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். ஈரம் இல்லை, ஆனால் சில்லென்று இருந்தது.

அப்புறம் கீழே இறங்கி வெளியே வந்து, விரல் முட்டியால் வண்டியின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக் என்று வந்த சத்தம், முன் மூலையை நெருங்கியதும் பொத், பொத் என்று மாறியது. பத்தடி தள்ளி வந்து, சாய்ந்த வெயிலில் வண்டியின் பக்கத்தை நீளவாக்கில் பார்க்கச் சொன்னார். நேராக நின்று பார்த்தபோது தெரியாத ஒரு வீக்கம், சுவரில் அலை மாதிரி தெரிந்தது.

"இஞ்சின் நல்லா இருக்குதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க மாமா."

"இஞ்சின எந்தப் பட்டறையில விட்டும் சரி பண்ணிக்கலாம். இத யாருங்க சரி பண்ணுவாங்க?"

அந்த 500 டாலர் திரும்பி வரவில்லை. வண்டியை இருக்கிற நிலையில்தான் விற்கிறோம் என்று ரசீதின் கீழே சின்ன எழுத்தில் இருந்ததாம். போனால் போகட்டும் என்று விட முடியாமல் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். வண்டியின் முழு விலையையும் தொலைக்காமல் தப்பித்தோம் என்று மனம் ஆறப் பல நாள் ஆனது. முன்பணம் கொடுப்பதானால், வண்டியைச் சோதித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அப்பாவிடம் அன்று இரவு உட்கார்ந்து விசாரித்தேன். அவருக்கு மோட்டார்ஹோம் புதிது, ஆனால் அதன் பிறப்பு புதிதல்ல. கரூரில் என்ன நடக்கும்? லேலண்டிலிருந்தோ டாடாவிலிருந்தோ வெறும் சேசிஸ், அதாவது இஞ்சினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டம் மட்டும், வரும். ஓட்டுநர் அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்து, வெயிலில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். அதன்மேல் சட்டம் நிறுத்தி, தகடு அடித்து, ஜன்னல் வைத்து, பஸ்ஸாக்கி அனுப்புவது பட்டறை. சி கிளாஸ் மோட்டார்ஹோமும் அப்படித்தான். முன்பகுதியும் சேசிஸும் பெரும்பாலும் ஃபோர்டின் இ-350 அல்லது இ-450. வீட்டைக் கட்டுவது வேறு கம்பெனி. அந்தக் கம்பெனிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவை. பதிவுச் சான்றில் ஒரு வருடமும் சேசிஸில் அதற்கு முந்தைய வருடமும் இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறந்தவை என்பதுதான் காரணம்.

இதைப் புரிந்துகொண்டதும் தேடும் முறையே மாறிவிட்டது. ஃபோர்டு இஞ்சினுக்கு உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். உடம்பைக் கட்டிய கம்பெனி மூடிப்போயிருந்தால் அதன் கதவுக்கும் ஜன்னலுக்கும் எங்கே போவது? 2008-09 பொருளாதாரச் சரிவில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ மாதிரிப் பெரிய பெயர்களே திவாலாயின. அந்தப் பெயர்கள் பிறகு கைமாறித் தொடர்ந்தாலும், பழைய வண்டிகளின் பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1958-இல் தொடங்கிய வினெபாகோ இன்றும் இருக்கிறது. தன் பழைய மாடல்களின் வயரிங் படம், குழாய்ப் படம், பாகப் பட்டியல் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 15, 20 வருடப் பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது ஒரு விளக்கு எரியாமல் போகும் நாளில் தெரியும்.

எல்கார்ட் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவுதான். அங்கே இருக்கும் ஆர்.வி. அருங்காட்சியகத்துக்கு அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனோம். 1913-ஆம் வருட டிரெய்லர் ஒன்று அங்கே இருக்கிறது. நடிகை மே வெஸ்டுக்காக 1931-இல் ஷெவர்லே சேசிஸில் கட்டிய வீட்டு வண்டியும் இருக்கிறது. மற்றவர்கள் அந்த நடிகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா கீழே குனிந்து கதவுச் சட்டம் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்களும் மொத மொதல்ல மரத்துலதாங் கட்டுனோம்" என்றார். அந்த மத்தியானம் அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தைப் பார்க்கவே மூன்று மணி நேரம் ஓட்டிப் போகலாம்.

இனி, எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில் தண்ணீர், கடைசியிலும் தண்ணீர்.

இந்த வண்டிகளின் சுவர் ஒரு சாண்ட்விச் மாதிரி. வெளியே மெல்லிய ஃபைபர் கிளாஸ், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், உள்ளே மறுபடியும் பிளைவுட். எல்லாம் பசையில் ஒட்டியவை. எங்கோ ஒரு சின்ன இடுக்கில் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊறி, பசை விட்டு, வெளித்தோல் உப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும். சி கிளாஸில் முதலில் நனைவது தலைக்கு மேல் படுக்கையின் முன் மூலைகள். ஓடும்போது மழையை முகத்தில் வாங்குவது அந்த இடம்தான். அதன்பின் கூரையில் ஏசி, காற்றுப்போக்கி, கழிப்பறைக் குழாய் எல்லாம் வெளியே வரும் துளைகளைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஜன்னலின் கீழ் மூலைகள், பின் பம்பருக்கு மேல் இருக்கும் அறை, கழிப்பறையைச் சுற்றிய தரை. மெத்தையைத் தூக்குங்கள், அலமாரியின் மேல் மூலைக்குள் கையை விடுங்கள், தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். கால் கண்டுபிடிப்பதைக் கண் கண்டுபிடிக்காது. ஈரம் காட்டும் கருவி ஒன்று கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது, நாங்களும் வாங்கினோம். ஆனால் காய்ந்துபோன பழைய சேதத்தை அது காட்டாது. அதற்கு விரல்தான்.

முடிந்தால் மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள்.

கூரையில் அவசியம் ஏற வேண்டும். ஏற விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். கூரை ரப்பர் விரிப்பாக இருந்தாலும் ஃபைபர் கிளாஸாக இருந்தாலும், துளைகளைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்.வி. கூரைக்கென்று தானே பரவிப் படியும் சீலன்ட் தனியாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிக்கானை யாராவது அப்பியிருந்தால் அது கெட்ட அறிகுறி. சிலிக்கான் பூசிய இடத்தில் பிறகு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. அதோடு, ஒழுகியதால்தான் அவசரமாகப் பூசியிருப்பார்கள்.

குறைவாக ஓடிய மைல் பற்றி நாங்கள் எண்ணியது எவ்வளவு தவறு என்பதையும் சொல்ல வேண்டும். 15 வருடத்தில் 19,000 மைல் என்றால், வருடத்துக்கு ஒரு பயணம் போய்விட்டு மற்ற நாளெல்லாம் வெயிலிலும் பனியிலும் நின்றது என்று பொருள். நிற்கிற வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் கெட்டு ஜெனரேட்டரின் கார்பரேட்டரில் பிசினாகப் படியும், எலி வயரைக் கடிக்கும், ஒழுகுவதைப் பார்க்க ஆள் இருக்காது. ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பராமரித்த 50,000 மைல் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பேன்.

டயரை எல்லோரும் தடம் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த வண்டிகளில் தடம் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்ற குறியீட்டின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்று இருந்தால் 2018-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏழு வயதைத் தாண்டியிருந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நாலு, மொத்தம் ஆறு டயர். பின் உள் டயரின் எண் உள்பக்கம் இருந்தால் டார்ச்சோடு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். படுத்ததோடு அப்படியே சேசிஸையும் பாருங்கள். மிச்சிகனில் குளிர்காலச் சாலையில் உப்பு போடுவதால் பிரேக் குழாயும் சட்டமும் துருப்பிடித்துப் போகும். இந்த மாநிலத்தில் வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை எதுவும் கிடையாது. வாங்குகிறவர் பார்த்தால்தான் உண்டு.

இஞ்சின் பற்றிக் கணவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் விலைக்குள் வரும் ஃபோர்டு சேசிஸ்களில் பெரும்பாலும் 6.8 லிட்டர் வி-10 பெட்ரோல் இஞ்சின்தான் இருக்கும். உழைப்பாளி. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்தவற்றில் ஸ்பார்க் பிளக் திருகும் மரை குறைவாக இருந்ததால் பிளக் வெளியே பிய்த்துக்கொண்டு வரும் குறை உண்டு, பிறகு சரிசெய்துவிட்டார்கள். 2005-இலிருந்து ஐந்து கியர் கொண்ட பலமான கியர்பாக்ஸ் வந்தது. அதனால் 2005-க்குப் பிந்தையதாகத் தேடுங்கள் என்பது அவர் யோசனை. மெர்சிடிஸின் டீசல் ஸ்ப்ரின்டர் சேசிஸ் எரிபொருளில் சிக்கனம்தான், ஆனால் ரிப்பேர் என்று வந்தால் எல்லா ஊரிலும் ஆள் கிடைக்காது. வி-10 வண்டி காலனுக்கு எட்டு ஒன்பது மைல்தான் கொடுக்கும். அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

எடையை மறந்துவிடாதீர்கள். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று இருக்கும். 40 காலன் நல்ல தண்ணீர் மட்டுமே 150 கிலோ. நம் வீட்டுப் பயணத்துக்கு அரிசி, பருப்பு, இட்லி மாவு, கிரைண்டர் என்று ஏறுவதையும் கணக்கில் சேருங்கள்.

உள்ளே இருக்கும் கருவிகளில் ஃபிரிட்ஜைத்தான் நன்றாகச் சோதிக்க வேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்தது அல்ல. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விப்பது, கேஸிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். குளிரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முந்தின இரவே போட்டு வைக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பின்பக்கத்து மூடியைத் திறந்தால் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி வந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஜெனரேட்டரை ஏசியை ஓடவிட்டபடி அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓடி நிற்பது சோதனை ஆகாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் காத்திருங்கள். பம்ப் தானே நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடினால் எங்கோ கசிகிறது. குளிர்காலத்துக்கு முன் குழாய்களைக் காலி செய்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஏற்றாமல் விட்டவரின் வண்டியில் குழாய் வெடித்திருக்கும்.

இதையெல்லாம் செய்ய உங்களுக்கு நேரமோ துணிவோ இல்லையென்றால், சான்றிதழ் பெற்ற ஆர்.வி. பரிசோதகர்கள் இருக்கிறார்கள். சில நூறு டாலர் ஆகும். எல்லோருக்கும் கரூரில் அப்பா இருக்க மாட்டார், அதனால் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

பதினோரு வண்டி பார்த்தோம். பத்தை விட்டோம். பதினோராவது, மிச்சிகன் ஏரிக் கரையில் லடிங்டன் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. 2006 வினெபாகோ, 26 அடி, 48,000 மைல், கேட்ட விலை 24,000 டாலர். கணவரின் பட்டியலில் கீழிருந்து மூன்றாவது. தகரக் கொட்டகைக்குள் நின்றது. விற்பவர் எண்பதை நெருங்கிய பெரியவர், தனியாக இருந்தார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். இது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. அவர் கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த ஏணியைக் காட்டி, "இனிமேல் என்னால் கூரைக்கு ஏற முடியவில்லை" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா அவர் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார்.

பெரியவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மாதிரி சுருள் கம்பி போட்ட நோட்டு. வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், கூரையைச் சோதித்த தேதி. எந்த மூலையில் சீலன்ட் பூசினார், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, டயர் எப்போது மாற்றியது, எல்லாம் இருந்தது. முதல் பத்து வருடப் பக்கங்கள் உருண்டையான அழகான கையெழுத்தில் இருந்தன. அதன்பின் கையெழுத்து மாறி, கோணல்மாணலாக இருந்தது. முன்னால் எழுதியது அவர் மனைவி என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பா வழக்கப்படி முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பெரியவர் பின்னாலேயே நடந்தார். ஒருவருக்குத் தமிழ் மட்டும், மற்றவருக்கு ஆங்கிலம் மட்டும். வலது பின் ஜன்னலுக்குக் கீழே வந்ததும் அப்பா நின்று, ஒரே இடத்தை இரண்டு முறை தட்டினார். சத்தம் லேசாக மாறியிருந்தது. பெரியவர் உடனே தலையாட்டி, நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்த இடத்தில் 2014-இல் ஒழுகியிருக்கிறது, பிரித்து, பலகையை மாற்றி, மூடியிருக்கிறார். ஜன்னலுக்குக் கீழ் இருந்த அலமாரியைத் திறந்து உள்பக்கத்தையும் காட்டினார். அப்பா கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்காரு" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே பெரியவருக்குப் புரிந்துவிட்டது.

அதன்பின் கணவர் ஏணியில் ஏறினார், நானும் ஏறினேன். எங்களுக்குக் கீழே அந்த இரண்டு வயதானவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

22,500-க்கு முடிந்தது. அதன்மேல் மாநில விற்பனை வரி 6 சதவீதம். வாங்கிய முதல் வருடத்தில் ஆறு டயர், வண்டிக்குள் விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தரும் இரண்டு பேட்டரி, காலாவதியான கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, பிரேக் வேலை என்று இன்னும் ஒரு நாலாயிரம் போனது. நல்ல வண்டிக்கே இவ்வளவு ஆகும். கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிய பிறகு செலவு செய்ய ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக்குள் வண்டி தேடுங்கள். முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு, டயருக்குக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் மேல் தீபகற்பத்துக்குக் கிளம்பினோம். மெக்கினா பாலத்தில் ஏறும்போது கணவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். எட்டு கிலோமீட்டர் நீளம், காற்று பலமானால் உயரமான வண்டிகளைத் துணை வண்டியோடுதான் அனுப்புவார்கள். அன்று காற்று இல்லை. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் டாக்வாமெனன் அருவி. சதுப்புக் காட்டு மரங்களின் சாறு இறங்கி, தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் விழும். அம்மா மெதுவாக நடந்து போய், நின்று, உட்கார்ந்து, மறுபடி நடந்து, முழுவதும் பார்த்தாள். திரும்பி வந்து தன் படுக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இங்கயே இன்னொரு நாள் இருக்கலாமா?" என்று கேட்டாள்.

இருந்தோம். அன்று இரவு இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் நான் விழித்தேன். இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது. அப்பா எழுந்து, குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்த மேல் படுக்கையின் மூலைக்குக் கையை நீட்டி, முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம் தடவினார். விரலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பேத்தியின் போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் நோட்டைக் கேட்டார். பெரியவரின் கோணல் எழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டு, தமிழில் எழுதினார்: இரவு நல்ல மழை. ஒழுகல் இல்லை.